காரைப் பார்த்து ஆளைச் சொல்லுதல்: பழைய கார் சந்தையை முன்வைத்து ஒரு தொடக்கநிலை ஆய்வு

கைரேகைக்கும் பல்லி விழும் பலனுக்கும் நூல்கள் உண்டு. பேருந்து நிலையத்துப் புத்தகக் கடையில் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் ஒருவருடைய தொழில், வயது, கடன் நிலவரம், வீட்டில் யார் சொல்லுக்கு மதிப்பு என்பது வரை, அவர் விற்கக் கொண்டுவந்த காரை வைத்தே சொல்லிவிடும் சாஸ்திரம் ஒன்று தமிழ்நாட்டில் வாய்மொழியாகவே வழங்கிவருகிறது. பழைய கார் வியாபாரிகளும் புரோக்கர்களும் இதன் ஆசிரியர்கள். அதை ஏட்டில் ஏற்றுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஏறியபின் ஓடுமா என்பது எஃப்.சி.க்குக் கொண்டுபோகும்போது தெரியும்.

ஆய்வு எல்லை: வெள்ளை போர்டு வண்டிகள் மட்டும். மஞ்சள் போர்டு விலக்கப்பட்டது. "டி போர்டுக்கு ஓனர் குணம்னு ஒண்ணு கிடையாது சார், டிரைவர் குணம்தான். அதுவும் மாசத்துக்கு ஒண்ணு" என்று மூத்த தகவலாளர் ஒருவர் விளக்கம் தந்தார். கள ஆய்வு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து நடத்தப்பட்டது. மாதிரித் தேர்வு முறை: டீ வந்தபோது யார் யார் இருந்தார்களோ அவர்கள். தகவலாளர்கள் தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்றும் கடைப் பெயரைப் பெரிதாகப் போட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டனர். இரண்டும் தவிர்க்கப்பட்டுள்ளன.

இத்துறைக்குக் கோட்பாட்டு அடித்தளம் அமெரிக்காவில் போடப்பட்டது. ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளியலாளர் 1970-இல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். வண்டியின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவன் எந்த வண்டிக்கும் சுமாரான விலைதான் சொல்வான். நல்ல வண்டி வைத்திருப்பவன் "இந்த விலைக்கு நானே ஓட்டிக்கிறேன்" என்று திரும்பிப் போவான். போகப் போகச் சந்தையில் ஓட்டை வண்டிகளே மிஞ்சும். இது அற்பமான விஷயம் என்று சொல்லி இரண்டு ஆய்விதழ்கள் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. 2001-இல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. (இக்கட்டுரையாசிரியர் இதைக் குறித்துவைத்துக்கொண்டிருக்கிறார்.)

அக்கர்லாஃப் கண்ட சிக்கலுக்கு நம்மவர்கள் கண்ட தீர்வு எளிமையானது. கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்க்க நேரமில்லை. ஓட்டிய ஆளைப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

அதற்காக வண்டியைப் பார்க்காமல் விடுகிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. இலக்கிய ஆய்வில் போலவே இங்கும் புறச்சான்று, அகச்சான்று இரண்டும் உண்டு. மீட்டர் நாற்பதாயிரம் காட்டும். பிரேக் பெடல் ரப்பரோ வழுவழுவென்று தேய்ந்திருக்கும். மீட்டரைத் திருப்பலாம், ரப்பரைத் திருப்ப யாருக்கும் தோன்றுவதில்லை. ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் அது தயாரான ஆண்டுக்குரிய குறி பொடி எழுத்தில் இருக்கும். மூன்று கதவு ஒத்துப்போய் நாலாவது மாறினால் அந்தப் பக்கம் ஒரு கதை இருக்கிறது. பானட்டைத் தூக்கி, கீல் போல்ட்டில் ஸ்பானர் பட்டுப் பெயின்ட் உரிந்திருக்கிறதா என்று விரலால் தடவுவார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னைப் பதிவெண் வண்டி என்றால் வெளியூரில் முதலில் சீட் பெல்ட்டைக் கடைசி முழம் வரை இழுத்துப் பார்க்கும் பழக்கமும் சேர்ந்தது. இருக்கையைத் துவைத்துவிடலாம், தரைவிரிப்பை மாற்றிவிடலாம். பெல்ட் சுருண்டு ஒளிந்திருக்கும் இடத்தில் சேற்றுக்கோடு அப்படியே இருக்கும்.

இவை புறச்சான்றுகள். ஆனால் விலை இவற்றால் முடிவாவதில்லை. "யார் வண்டி?" என்ற கேள்விக்கு வரும் பதிலில்தான் முடிவாகிறது.

ஆதி நூல் அம்பாசிடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அச்சு எடுத்து, வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை செய்துகொண்டிருந்த வண்டி. இதன் உரிமையாளர் பணி ஓய்வு பெற்றவர், பென்ஷன் வரும், டயரைக் கையால் தட்டிப் பார்ப்பவர். அவர் விலை கேட்கமாட்டார் என்பது மரபு. பெண் கொடுப்பவரைப் போல, எடுக்கிறவர் எந்த ஊர், வண்டியை நிழலில் நிறுத்துவாரா, டிரைவர் வைப்பாரா என்று விசாரிப்பார். "அம்பாசிடர் பார்ட்டிகிட்ட பணத்தைப் பத்திப் பேசினா காரியம் கெட்டுடும். வாங்கறவரு ரொம்ப நல்ல குடும்பம்னு சொல்லு, அஞ்சாயிரம் அவரே கொறைப்பாரு." இதன் சமகாலத்தவையான ஃபியட்டும், நம் மெட்ராஸிலேயே செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இப்போது கல்யாண ஊர்வலத்துக்கும் சினிமாப் படப்பிடிப்புக்கும் போய்விட்டதால் அவற்றின் உரிமையாளர் குணங்கள் வழக்கொழிந்தன.

மாருதி 800 பற்றித்தான் பாடபேதமில்லாத ஒருமித்த கருத்து நிலவுகிறது. 1983 டிசம்பரில் வந்த இந்த வண்டியின் உரிமையாளர் ஆசிரியர் அல்லது வங்கி ஊழியர். மூன்று அடையாளங்கள். ஒன்று, கதவின் உட்புறத்தில் கம்பெனி ஒட்டி அனுப்பிய பாலித்தீன் இன்னும் உரிக்கப்படாமல் மஞ்சளாகி நிற்கும். இரண்டு, எல்லா சர்வீஸ் ரசீதும் ஒரே கோப்பில், தேதி வரிசையில். மூன்றாவதுதான் முக்கியம்: டாஷ்போர்டு அறைக்குள் நாற்பது பக்க நோட்டு ஒன்று. அதில் கோடு போட்டுத் தேதி, கிலோமீட்டர், எத்தனை லிட்டர், லிட்டருக்கு எவ்வளவு ஓடியது. நடுவில் ஒரு பக்கத்தில் மட்டும் "காற்று — இலவசம்" என்று எழுதியிருக்கும். இந்த நோட்டைக் கண்டதும் வியாபாரி மனம் தளர்ந்துவிடுகிறார். வண்டி நல்ல வண்டி. ஆனால் எதிரே இருப்பவர் கணக்குத் தெரிந்தவர்.

இன்னோவாவில் முதலில் பார்ப்பது முன்பக்கத்து இடது மூலை. கொடிக்கம்பி மாட்டிய திருகு ஓட்டைகள் இருக்கும். பட்டி வைத்து அடைத்திருந்தாலும் நகத்தால் சுரண்டினால் தெரிந்துவிடும். ஓட்டை இருந்தால் கட்சிக்காரர் வண்டி. மாவட்டத்துக்கு மாவட்டம் ஓடியிருக்கும், பின்சீட்டில் எட்டுப் பேர் ஏறியிருப்பார்கள், ஆனால் டயர் மட்டும் எப்போதும் புதிது. ஸ்கார்ப்பியோவுக்கும் இதே விதி, வட்ட அளவில். டாடா சுமோ பாவம். சுமந்த் மூல்காவ்கர் என்ற பெரிய மனிதரின் பெயரிலிருந்து பெயர் பெற்ற வண்டி. தமிழ் சினிமாவில் அரிவாளோடு இறங்குவதற்கும் வெடித்துப் பறப்பதற்குமே பயன்பட்டதால், நிஜத்தில் மேஸ்திரி வேலைக்கு ஆள் ஏற்றிப்போன சுமோவையும் வியாபாரி ஒருமுறை சந்தேகத்தோடுதான் சுற்றிவருகிறார். ஆம்னிக்கும் அதே கதி: படத்தில் ஆள் கடத்தல், ஊரில் பூக்கட்டு. ஸ்விஃப்ட் என்றால் சின்னப் பையன், பின்னால் பெரிய ஸ்பீக்கர், முன்னால் இடித்திருப்பான். ஜெர்மன் வண்டி என்றால் மாதத் தவணை கழுத்தை நெரிக்கிறது, விலையைச் சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும்.

இங்கே ஆய்வில் ஒரு முரண் தென்பட்டது. சந்தையின் உச்சகட்டப் பாராட்டான "டாக்டர் வண்டி" என்ற தொடரைத் தொகுத்துக்கொண்டிருந்தபோது, ஒரே வியாபாரி ஒரே வண்டியைப் பற்றி இரு வேறு பாடம் ஓதுவது பதிவானது. டாக்டர் விற்க வந்தபோது:

"டாக்டர் வண்டிங்களா? அப்ப சிட்டிக்குள்ளயே ஓடியிருக்கும். ஃபர்ஸ்ட் கியர், செகண்ட் கியர். கிளட்ச் காலி. உங்களுக்கு வண்டியப் பாக்க டைம் ஏது டாக்டர், சர்வீஸும் விட்டிருக்க மாட்டீங்க."

அதே வாரம், வாங்க வந்த குடும்பத்திடம்:

"டாக்டர் வண்டி சார். வீடு, கிளினிக், வீடு. ஹைவேயவே பாத்ததில்ல. படிச்சவரு, டைமுக்கு சர்வீஸ் விட்டுருவாரு."

இதை வைத்து மற்றத் தரவுகளை மீண்டும் சரிபார்த்தபோது விதி தெளிந்தது. வெளிநாட்டில் இருப்பவரின் வண்டி: வாங்கும்போது "ஷெட்லயே நின்னு பேட்டரி செத்து, வயரெல்லாம் எலி கடிச்சிருக்கும்", விற்கும்போது "மீட்டரைப் பாருங்க, ஓடவே இல்லை." பெண் ஓட்டிய வண்டி: வாங்கும்போது "கிளட்ச் மேலயே கால் இருந்திருக்கும்", விற்கும்போது "அறுபதைத் தாண்டினதில்லை." மாருதி வாத்தியார்: வாங்கும்போது "கஞ்சப் பார்ட்டி, டூப்ளிகேட் பார்ட்ஸா போட்டிருப்பாரு"; விற்கும்போது அந்த நாற்பது பக்க நோட்டு மேசைமேல் எடுத்து வைக்கப்படுகிறது. ஆளின் குணம் ஆளிடம் இல்லை, அவர் மேசைக்கு எந்தப் பக்கம் என்பதில் இருக்கிறது. இதை இருமுகத் தேற்றம் என வழங்கலாம்.

இந்தக் குணமாற்றம் எப்போது நிகழ்கிறது? படிவம் 29, படிவம் 30 என்ற பெயர்மாற்றப் படிவங்களில் பழைய உரிமையாளர் கையெழுத்துப் போட்டு, வாங்குபவர் பெயரும் தேதியும் காலியாக விடப்பட்டு, வண்டி வியாபாரியின் கொட்டகையில் நிற்கும் நாட்களில் நிகழ்கிறது. ஆர்.சி.யில் பழைய பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. புது ஆள் வரப்போகிறார், பெயர் இல்லை. நடுவில் வண்டியை வைத்திருக்கும் வியாபாரியின் பெயர் ஆர்.சி.யில் ஏறுவதே இல்லை. கல்வெட்டு ஆய்வாளர்கள் இத்தகைய ஆட்சியிடைக் காலங்களை ஐயத்தோடு அணுகுவர். மெய்க்கீர்த்திகள் திருத்தப்படுவது அப்போதுதான்.

தேற்றத்துக்கு விதிவிலக்கு ஒன்றுண்டு. வக்கீல், போலீஸ், பத்திரிகைக்காரர் ஆகிய மூவர் வண்டிக்கும் வாங்கும்போதும் விற்கும்போதும் ஒரே கருத்துதான். "வண்டி நல்ல வண்டிதான் சார். பேப்பர்தான் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாக்கணும்."

பெண் ஓட்டிய வண்டி பற்றிய பாடத்தைப் பொறுத்தவரை, இரு முகமும் பொய் என்பதே இக்கட்டுரையாசிரியரின் முடிவு. இதில் சிரிப்புக்கு அப்பாலும் கொஞ்சம் இருக்கிறது. ஐயன் ஏர்ஸ் என்ற சட்டப் பேராசிரியர் சிகாகோ பகுதிப் புதுக்கார் கடைகளுக்கு, ஒரே மாதிரி பேரம் பேசப் பயிற்றுவித்த ஆட்களை அனுப்பி, முடிவை 1991-இல் வெளியிட்டார். பேச்சு ஒன்று, கார் ஒன்று. வெள்ளை ஆண்களுக்குச் சொன்ன விலையைவிடப் பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் கூடுதலாகச் சொல்லியிருந்தார்கள். ஆளைப் பார்த்து எடைபோடும் சாஸ்திரத்துக்கு யாரோ ஒருவர் ரொக்கமாகப் பணம் கட்டியிருக்கிறார்.

ஆளே தேவைப்படாத ஒரு துணைச் சாஸ்திரமும் உண்டு: எண். பதிவெண்ணின் நான்கு இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் எட்டு வரும் வண்டி, அதாவது 1979, 2006, 4400 போன்றவை, இங்கே விலை போகாது. எட்டு சனிக்கு உரியது. டாக்டர், ஷெட், புது டயர், ஒரிஜினல் பெயின்ட் என்று எல்லாம் கூடி வந்தாலும் வாங்க வந்தவரின் மாமனார் வாய்க்குள் கூட்டிப் பார்த்துவிட்டு எழுந்துவிடுவார். இத்தகைய வண்டிகளை வியாபாரிகள் அடிமாட்டு விலைக்கு எடுத்துப் பகுத்தறிவாளர்களுக்கென்று ஒதுக்கி வைக்கிறார்கள். "கறுப்புச் சட்டைக்காரர் வந்தா நேரா அந்த வரிசைக்குக் கூட்டிட்டுப் போயிருவோம். சந்தோஷமா எடுத்துக்குவாரு. திரும்ப விக்க வர்றப்ப மட்டும் நம்மளைத் திட்டுவாரு."

மேலாய்வுக்குரிய களம் மின்சாரக் கார். 2020-இல் நெக்ஸான் இ.வி. வந்தபின் பச்சை போர்டுகள் தெருவில் பெருகிவிட்டன. பழைய கார் கொட்டகைகளுக்கும் ஒன்றிரண்டு வரத் தொடங்கியிருக்கின்றன. கிளட்ச் இல்லை, ஆகவே டாக்டரையும் பெண்களையும் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. என்ஜின் சத்தம் இல்லை, காது கொடுத்துக் கேட்கவும் வழியில்லை. பேட்டரியில் எவ்வளவு உயிர் மிச்சம் என்பது எந்த ரப்பரைத் தடவினாலும் தெரிவதில்லை. இத்துறையே முடிந்துபோகுமோ என்ற கவலையோடு இளைய தகவலாளர் ஒருவரை அணுகியபோது, முதல் நூற்பா ஏற்கெனவே இயற்றப்பட்டுவிட்டது தெரிந்தது:

"பச்சை போர்டா? அப்ப சொந்த வீடு, சொந்த பார்க்கிங், சார்ஜருக்குத் தனி லைன் இழுத்திருப்பாரு. காசுக்கு அவசரம் இல்லாத ஆளு. ஒரு ரேட் சொல்லிட்டு ரெண்டு வாரம் அவர் போனை எடுக்காத."

விற்கும்போது என்ன சொல்வார் என்று கேட்டதற்கு, இன்னும் ஒரு வண்டியும் விற்கவில்லை, விற்றதும் சொல்கிறேன் என்றார்.