கண்படை நிலையும் துயிலெடை நிலையும்: பேசும் அலாரக் கடிகாரம் குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருளை முதலில் வரையறுத்துவிடலாம். உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் டப்பா. தலையில் அகலமாக ஒரு பொத்தான். அமுக்கினால் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் மணி சொல்லும். பக்கவாட்டில் இருக்கும் சுவிட்சைத் தள்ளினால் மழை, ஓடை, கடலலை, சில்வண்டு, இதயத்துடிப்பு, மின்விசிறி ஆகியவற்றில் ஒன்று கிளம்பி நம்மைத் தூங்க வைக்கப் பார்க்கும். விடிந்தால் சேவல் கூவும். அடியில் இரண்டு பென்சில் பேட்டரி. தமிழ்த் துறையில் கேட்டால் இது இயற்பியல் என்பார்கள். இயற்பியல் துறையில் கேட்டால், கடையில் விலை விசாரித்து வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். இரண்டு துறைக்கும் நடுவே கேட்பாரற்றுக் கிடந்த பொருளை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

இலக்கணத்திலிருந்து தொடங்குவதே முறை. தொல்காப்பியப் புறத்திணையியல் பாடாண் திணையின் துறைகளைச் சொல்லும்போது, அரசன் உறங்கப் போவதற்குக் கண்படை நிலை என்றும், உறங்கும் அரசனைச் சூதர் புகழ்பாடி எழுப்புவதற்குத் துயிலெடை நிலை என்றும் இரண்டைத் தனித்தனியே வைக்கிறது. தூங்க வைப்பவர் எழுப்பக் கூடாது, எழுப்புபவர் தூங்க வைக்கக் கூடாது என்ற வேலைப் பிரிவினை இதில் அடங்கியிருப்பதாகக் கொள்ளலாம். இன்றும் வீடுகளில் தாலாட்டுப் பாடிய பாட்டி காலையில் போர்வையை உருவுவதில்லை. அந்தத் துறை அம்மாவுடையது. நம் கடிகாரமோ ஒரே சுவிட்சில் இரண்டையும் பார்க்கிறது. உரையாசிரியர்கள் கண்டால் துறை மயக்கம் என்று ஒதுக்கியிருப்பார்கள்.

இதைவிட முக்கியமான சான்று முல்லைப்பாட்டில் கிடைக்கிறது. நப்பூதனார் பாடியது, 103 அடி, பத்துப்பாட்டிலேயே சிறியது. அதில் அரசனின் பாசறைக்குள் நாழிகைக் கணக்கர் வருகிறார்கள். சிறு பாத்திரத்தில் நீரின் அளவைக் கொண்டு பொழுதைக் கணக்கிட்டு, அரசனை வாழ்த்தி, இத்தனை நாழிகை ஆயிற்று என்று வாயால் சொல்கிறார்கள். பொழுது அளக்கப்படுகிறது, குரலால் அறிவிக்கப்படுகிறது, பாசறை என்பதால் படை போகுமிடமெல்லாம் கூடவே போகிறது. பேட்டரிக்குப் பதில் தண்ணீர், அவ்வளவுதான். உலகின் முதல் கையடக்கப் பேசும் கடிகாரம் இதுவே என்று இவ்விடத்தில் முழங்கலாம். பல்கலைக்கழக வழக்கப்படி முழங்கவும் வேண்டும். ஆனால் நம் கவனம் அந்தக் கருவியைப் பயன்படுத்தியவர் மீது இருக்கிறது. அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? தூங்கவில்லை. புண்பட்ட யானைகளையும், இறந்துபோன வீரர்களையும், அம்பு தைத்துக் காதைச் சாய்த்துக்கொண்டு புல்லைத் தொடாமல் நிற்கும் குதிரைகளையும் நினைத்துக்கொண்டு கட்டிலில் விழித்துக் கிடக்கிறார். பக்கத்தில் ஆட்கள் மணி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கிருந்துதான் இந்த ஆய்வின் கருதுகோள் பிறக்கிறது: பேசும் கடிகாரம் தூங்குகிறவருக்கான கருவி அல்ல, தூங்காதவருக்கான கருவி. எழுப்புவதற்கு என்று சொல்லி வாங்கப்படுகிறது. ஏற்கெனவே எழுந்து உட்கார்ந்திருப்பவர் கையில்தான் போய்ச் சேர்கிறது.

மேலை நாட்டு வரலாறும் இதற்கு உடன்படுகிறது. பாரிஸ் வானாய்வகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு மணி கேட்பவர்களின் தொல்லை தாங்காமல், அதன் இயக்குநர் எர்னஸ்ட் எஸ்க்லாங்கோன் ஒரு பேசும் கடிகாரத்தை ஏற்பாடு செய்தார். 1933 பிப்ரவரி 14 அன்று அது பேசத் தொடங்கியது. முதல் நாளே 1,40,000 பேர் அழைத்தார்கள். சுமார் 20,000 பேருக்குத்தான் மணி கிடைத்தது. பிரிட்டன் 1936இல் பின்தொடர்ந்தது. ‘தங்கக் குரல்’ என்று போட்டி வைத்து, எத்தல் கெய்ன் என்ற தொலைபேசி ஊழியரைத் தேர்ந்தெடுத்து, அவர் குரலில் மணி சொன்னது. தூங்குகிறவர் எவரும் தொலைபேசியை எடுத்து எண்ணைச் சுழற்ற மாட்டார் ஆகையால் இவ்விரு சான்றுகளும் நம் பக்கம்.

தூங்குகிறவரிடம் பேசிப் பார்க்கும் முயற்சியும் நடந்தது. 1980ஐ ஒட்டி ஜப்பானிய ஷார்ப் நிறுவனம் விற்ற ‘டாக்கிங் டைம்’ கடிகாரம் கவனத்தை வேண்டி, மணி சொல்லி, மேற்கத்திய இசைத் துணுக்கு ஒன்றை வாசித்து, அப்படியும் பதில் இல்லாவிட்டால் சற்றுப் பொறுத்து ‘ப்ளீஸ் ஹரி’ என்று கெஞ்சியது. இந்தக் கெஞ்சலில்தான் அந்தத் துறையின் தோல்வி இருக்கிறது. கெஞ்சினால் எழுகிற சாதி தூங்கவே போயிருக்காது.

எழுப்பும் குரலுக்கு என்ன வேண்டும் என்பதை நம் வீடுகள் நெடுங்காலமாக அறியும். முதலாவது, பெயர். 1960இல் இயன் ஆஸ்வால்டும் அவருடன் சேர்ந்தவர்களும் வெளியிட்ட ஆய்வில், தூங்குபவரின் மூளை அலைகள் மற்ற பெயர்களைவிடத் தன் சொந்தப் பெயருக்கு அதிகம் அசைந்துகொடுப்பது தெரிந்தது. கடிகாரத்துக்கு நம் பெயர் தெரியாது. இரண்டாவது, பொய். மணி ஆறு நாற்பதுக்கு ‘எட்டாகப் போகுது, இன்னும் என்ன தூக்கம்’ என்று அடுப்படியிலிருந்து வரும் குரலைக் கேட்டுத்தான் தமிழ்நாட்டில் இத்தனை பேர் பள்ளிக்கூடம் முடித்திருக்கிறார்கள். அந்த ஒரு மணி இருபது நிமிடப் புளுகில் மனிதன் துள்ளி எழுகிறான். கடிகாரம் ஆறு நாற்பதுக்கு ஆறு நாற்பது என்றே சொல்கிறது. முல்லைப்பாட்டும் நாழிகைக் கணக்கரைப் பொய் சொல்லாதவர்கள் என்றே புகழ்கிறது. விழித்திருக்கும் அரசனுக்கு அது பொருந்தும். பிளஸ் டூ படிக்கும் பையனுக்குப் பொருந்தாது. ஆறு நாற்பது என்று கேட்டதும் ‘இன்னும் நேரம் இருக்கு’ என்று புரண்டு படுப்பான். அமெரிக்காவில் 1956இல் வந்த ஸ்னூஸ் பொத்தான் இந்தப் புரளலைச் சட்டபூர்வமாக்கியது. அது தரும் கெடு வழக்கமாக ஒன்பது நிமிடம். நாழிகைக்கு 24 நிமிடம் என்று வளர்ந்த மரபுக்கு இது அரை நாழிகைக்கும் குறைவு. தூக்கத்துக்கும் போதாது, விழிப்புக்கும் போதாது.

இனி கண்படை நிலை. உறக்க ஒலிகளின் தத்துவம் எளியது. நம்மை எழுப்புவது சத்தத்தின் அளவு மட்டுமல்ல, திடீரென்று வரும் மாற்றமும்தான். சீரான இரைச்சல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் தெருநாயும் பைக்கும் அதற்குள் அமுங்கிப்போகும். இதை வியாபாரமாக்கியது அமெரிக்கா. அங்கே 1962இல் ‘ஸ்லீப்மேட்’ என்ற கருவி வந்தது. பெட்டிக்குள் உண்மையான மின்விசிறி ஒன்று சுற்றும்; காற்று வராது, சத்தம் மட்டும் வரும். 1969இல் இர்வ் டைபல் என்பவர் கடலலையை இசைத்தட்டாகவே வெளியிட்டார். கரையில் ஒலிப்பதிவு செய்து வந்தால் அது கடல்போல இல்லை என்று கண்டு, ஐபிஎம் கம்ப்யூட்டரில் போட்டுத் திருத்திய பிறகுதான் கடல் கடலாயிற்று.

இந்த ஒலிகளைத் தமிழ் வீட்டில் பரிசோதித்தபோது வேறு முடிவுகள் கிடைத்தன. மழை ஒலியைப் போட்டதும் வீட்டுப் பெண்கள் மொட்டை மாடியை நோக்கி ஓடினார்கள். கொடியில் துணி, பாயில் கூழ் வத்தல். ஓடை ஒலி இன்னும் மோசம். நள்ளிரவில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் ‘குழாய்ல தண்ணி வந்திருச்சு’ என்றுதான் பொருள். குடம், அண்டா, பழைய பெயின்ட் டப்பா எல்லாம் வரிசைக்கு வந்துவிடும். சில்வண்டு தேவையே இல்லை, ஜன்னலைத் திறந்தால் போதும். இதயத்துடிப்பைக் கேட்டவர்கள் தங்களுடையதைச் சரிபார்க்க ஆரம்பித்தார்கள்.

மின்விசிறி ஒலிக்குத் தனி இயலே எழுத வேண்டும். தமிழனின் தாலாட்டு சீலிங் ஃபேன். கிறீச் கிறீச்சென்ற தாளத்தோடு அது ஓடும்வரை தூங்குவோம். மின்சாரம் போய் அது நின்றதும், ஒரு சத்தமும் இல்லாத அந்த நொடியிலேயே வீடு மொத்தமும் எழுந்துவிடும். சத்தம் நின்று எழுப்பும் அலாரம் இது ஒன்றுதான். இதற்கு நாம் காப்புரிமை பெறாமல் விட்டதில் வருத்தமே. இந்த நிலையில், மே மாத மின்வெட்டில், வியர்த்துக் கிடக்கும் மனிதன் காதருகே பேட்டரியில் ஓடும் மின்விசிறிச் சத்தத்தை மட்டும் வைப்பது இலையில் சாப்பாட்டின் படத்தைப் பரிமாறுவது போன்றது. பரிசோதனை அத்துடன் நிறுத்தப்பட்டது. கடிகாரம் தரையில் உருண்டதில் பேட்டரி மூடி சற்று நெளிந்தது.

இத்தனைக்கும் நடுவில் கருவி ஒரு வீட்டில் நன்றாகவே உழைத்தது. என் பெரியப்பாவுக்குக் கண்ணழுத்த நோயால் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. சுவரில் பழைய பெண்டுலக் கடிகாரம் ஆடிக்கொண்டிருந்தும் அவருக்கு ஆகாது. இரவில் மணி தெரிய வேண்டுமென்றால் பெரியம்மாவை எழுப்பித்தான் கேட்க வேண்டும். அதற்குக் கூச்சப்பட்டு, பால் வண்டியின் சத்தம், பள்ளிவாசலின் பாங்கு, கடைசிப் பேருந்தின் ஹாரன் இவற்றை வைத்தே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர். மகன் வெளிநாட்டிலிருந்து இந்தக் கடிகாரத்தை வாங்கி அனுப்பினான். பார்வையற்றவர்களுக்குப் பேசும் கடிகாரம் விளையாட்டுச் சாமான் அல்ல. யாரையும் கேட்காமல் தன் பொழுதைத் தானே அறிந்துகொள்ளும் வசதி. பெரியப்பா அதைத் தலையணைக்கு வலப்பக்கம், விபூதி மடலுக்கும் சொம்புக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். பொத்தானின் மேல் கட்டைவிரல் எப்போதும் தயார்.

‘இட்ஸ் டூ செவன்டீன் ஏஎம்.’

குரலைக் கூர்ந்து கேட்டால் ஒட்டு தெரியும். ஒன்று முதல் பத்தொன்பது வரை, பிறகு இருபது, முப்பது, நாற்பது, ஐம்பது. இந்த 23 எண்ணுப் பெயர்களையும் முன்னும் பின்னும் வரும் சில சொற்களையும் தனித்தனியே பதிவு செய்து கோத்தால் ஒரு நாளின் 1,440 நிமிடங்களையும் சொல்லிவிடலாம். அதனால் ‘டூ’ சோகமாகவும் ‘செவன்டீன்’ கல்யாணச் செய்தி சொல்வது மாதிரியும் ‘ஏஎம்’ கதவைச் சாத்துவது மாதிரியும் வரும். மழை ஒலியிலும் இதே ஒட்டு உண்டு. ஒரு துண்டு மழையைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதால், முடிந்து தொடங்கும் இடத்தில் ‘டிக்’ என்று ஒரு சிறு சத்தம். பெரியப்பா அதைக் கண்டுபிடித்துவிட்டார். அடுத்த ‘டிக்’ எப்போது என்று காத்திருப்பதிலேயே அவருக்கு முதல் சாமம் போய்விடும். மழை தூங்க வைக்கிறதோ இல்லையோ, துணைக்கு இருக்கிறது.

இரண்டு பதினேழுக்குப் பெரியம்மா சொன்னது ஆய்வுக் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது.

“ஏங்க, அதான் ரெண்டு பதினேழுங்குதுல்ல. பேசாமப் படுங்களேன்.”

“நான் உன்னையா கேட்டேன்? அதைத்தானே கேட்டேன்.”

“அது எனக்கும் சேர்த்துல்ல சொல்லுது.”

மனைவியை எழுப்பாமல் மணி தெரிந்துகொள்ளும் கருவி மனைவியையே எழுப்புகிறது என்ற முரண் இங்கே கவனிக்கத் தக்கது. வால்யூமைக் குறைக்கலாம். குறைத்தால் பெரியப்பாவுக்குக் கேட்காது. காதும் கொஞ்சம் மந்தம்.

கையடக்கம் என்ற பண்பைப் பற்றிச் சுருக்கமாக. பொத்தான் அகலமாக இருப்பதால் பைக்குள் எது பட்டாலும் அமுங்கும். துக்கம் கேட்கப் போன வீட்டில், எல்லோரும் தலைகுனிந்திருக்கையில், மஞ்சள் பைக்குள்ளிருந்து ஒரு பெண் மணி சொன்ன நிகழ்ச்சி உண்டு. ‘யாரோ வெளிநாட்டுக்காரங்களும் வந்திருக்காங்கபோல’ என்றார் உள்ளறையிலிருந்து ஒருவர்.

கடைசியாகக் களச் சான்று ஒன்று. பெரியப்பாவும் பெரியம்மாவும் ஒரு வளைகாப்புக்காக எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினார்கள். அது விடியுமுன் திண்டுக்கல் போய்ச் சேரும் வண்டி. கொஞ்சம் அசந்தால் கொடைரோடு, மதுரை என்று போய்விடும். ஆகவே அலாரம் வைக்கப்பட்டது. திருச்சி தாண்டியதுமே பெரியப்பா மப்ளரைக் கட்டி, செருப்பைக் காலில் மாட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு கீழ் பெர்த்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அப்படி உட்கார்ந்திருந்தவரின் மடியிலிருந்துதான் உரிய நேரத்தில் சேவல் கூவியது. பெட்டி முழுக்க விளக்கு எரிந்தது. மேல் பெர்த்தில் ஒரு குழந்தை அழுதது. எதிர் பெர்த்துக்காரர், மதுரைக்குப் போகிறவர், திடுக்கிட்டு எழுந்து பெட்டியை இழுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டார்.

“மதுரைக்கு நேரம் இருக்கு தம்பி. வண்டியே லேட்டுதான். நீங்க வந்து படுங்க” என்றார் பெரியப்பா.

அவர் வந்து படுத்தார். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. குழந்தை அடங்கியது. கொஞ்ச நேரம் கழித்து எதிர் பெர்த்தில் போர்வை விலகியது.

“சார், அதை இன்னொரு தடவை அமுக்குங்களேன்.”