கணக்கில் வந்த சித்தப்பிரமை

விடுதலை என்பது கறுப்பர் தேகத்துக்கு ஒவ்வாத பதார்த்தம் என்னும் அபூர்வ வைத்திய உண்மையை, எவர் நாடியையும் பிடித்துப் பாராமலே, 1840-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிக்கணக்கு கண்டுபிடித்துவிட்டது. தெற்கே அடிமைகளுக்குத் தெளிந்திருந்த சித்தம், வடக்கே சுதந்திரக் காற்றுப் பட்டதும் பேதலித்துவிடுகிறதாம். கறுப்பரே வசிக்காத சில ஊர்களில்கூடக் கறுப்புப் பைத்தியங்கள் பதிவாகியிருந்தமை, அந்நோயின் உக்கிரத்தையன்றோ காட்டுகிறது! மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரில் மட்டும் 133 பேர். அவர்கள் அத்தனை பேரும் மனநோய் விடுதியிலிருந்த வெள்ளையரே என்று எட்வர்ட் ஜார்விஸ் என்ற வைத்தியர் முறையிட்டார். பைத்தியம் முற்றினால் நிறமும் மாறக்கூடும் என்பதை அவர் ஏனோ யோசிக்கவில்லை. இதே கணக்கைக் காட்டி 1844-இல் அடிமைமுறையின் காருண்யத்தைப் பிரிட்டிஷாருக்கு எடுத்தோதிய வெளியுறவு மந்திரி கால்ஹூன், பட்சபாதமற்றவர் ஆகையால், பிழை உண்டா என்று விசாரிக்கும் பொறுப்பை, விஷயம் நன்கறிந்தவரான, அக்கணக்கை எடுத்த அதிகாரியிடமே ஒப்படைத்தார். பிழையேதும் அகப்படவில்லை.