டாக்டர் ஒருவர் போதாதா?

வாசகர், அறந்தாங்கி: சர்க்கரைக்கு ஒரு டாக்டர் போதாதா? நர்ஸ், மருந்தாளுநர், தன்னார்வலர் என்று எதற்கு இத்தனை பேர்?

தாலி கட்டுபவர் ஒருவர்தான். அதற்காகச் சமையல்காரர் வேண்டாம் என்பீர்களா? மாதம் ஐந்து நிமிடம் டாக்டரைப் பார்த்தால் ஆண்டுக்கு ஒரு மணி நேரம். மீதி 8,759 மணி நேரமும் சர்க்கரை உங்களோடுதான் குடித்தனம் நடத்துகிறது. (அந்த ஐந்து நிமிடமே கிடைப்பதில்லையா? 2023-இல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி நாட்டில் சர்க்கரை உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல். அவரும் என்ன செய்வார்!)

வாசகி, ஆரணி: அப்பாவுக்கு இன்சுலின் அளவை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். சர்க்கரை இறங்கவில்லையே?

சட்டையைத் தூக்கச் சொல்லி, எங்கே ஊசி போடுகிறார் என்று யாராவது பார்த்தார்களா? வலிக்காத இடமாகத் தேர்ந்தெடுத்து, தொப்புளுக்குப் பக்கத்தில் தினமும் அங்கேயே குத்திக்கொள்பவர்கள் உண்டு. நாளடைவில் தோலுக்கடியில் கொழுப்பு சேர்ந்து ரப்பர் மாதிரி தடித்துவிடும். அதில் போகும் மருந்து ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் தூங்கும். சீட்டைப் பார்த்து மருந்து எழுதுபவருக்கு இது தெரியாது. விரலால் தடவிப் பார்க்கும் நர்ஸம்மாவுக்குத் தெரியும். இடத்தை மாற்றும்போது பழைய அளவையே போட்டுவிட வேண்டாம். சர்க்கரை திடுதிப்பென்று இறங்கிவிடும், டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாசகர், ஓசூர்: மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இனி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எதற்கு அலைய வேண்டும்?

உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் அதில் மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் பையில் விழித்திரையைப் பார்க்கும் கருவி இருக்காது. கண், பாதம், சிறுநீரில் புரதம், கிரியாட்டினின் நான்கையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்த்தாக வேண்டும்.

வாசகர், திருவாரூர்: டெஸ்டுக்கு முன் மூன்று நாள் பத்தியம் இருந்து டாக்டரிடம் ‘சபாஷ்’ வாங்கிவிடுகிறேன்!

ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லும்வரை வாங்குங்கள். அது எதிர்வீட்டுக்காரர் மாதிரி, மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கும்.

வாசகி, தேவகோட்டை: டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர், தன்னார்வலர் என்ற இந்தக் குழுவுக்குக் கேப்டன் யார்?

உங்கள் வீட்டில் சோறு பரிமாறுபவர். அடுத்த முறை அவரையும் அழைத்துப் போங்கள். கையோடு மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள், காலியானதையும் காலியாகாததையும்.