டிஎம்மின் 243 முடிவுகள்

சனிக்கிழமை ஆட்டத்துக்கான சனி, டிஎம்மைத் திங்கட்கிழமையே பிடித்துவிடும்.

டிஎம் என்றால் டஞ்சன் மாஸ்டர். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில், மேசையைச் சுற்றி உட்காரும் நாலைந்து பேரும் வீரனாகவோ மந்திரவாதியாகவோ திருடனாகவோ ஆகிவிடுவார்கள். மிச்சமிருக்கும் உலகம் முழுக்க டிஎம் தலையில். மன்னர் இவர், சத்திரக்காரி இவர், பூதம் இவர். மழை வேண்டுமென்றாலும் இவர்தான் பெய்தாக வேண்டும். இத்தனைக்கும் பகலில் ஏதோ ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவர்.

ஆபீஸ் மீட்டிங்கில் இவர் மும்முரமாகக் குறிப்பெடுப்பதைப் பார்த்து மேலதிகாரி பூரித்துப்போவார். நோட்டில் இருப்பது இதுதான்: 'மன்னரைக் காப்பாற்றினால் பக்கம் 4. காப்பாற்றாவிட்டால் பக்கம் 9. மன்னரிடமே கொள்ளையடித்தால் பக்கம் 13.' திருப்பத்துக்கு மூன்று வழி. ஐந்து திருப்பம் தாண்டினால் 243 முடிவுகள். கணக்குக்காரருக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்துதான் ஒவ்வொன்றுக்கும் தனி வில்லன், தனி வசனம் எழுதுகிறார். டிரேசி, லாரா ஹிக்மன் தம்பதி இதே ஆட்டத்துக்காக எழுதி 1983-ல் வெளிவந்த 'ரேவன்லாஃப்ட்' சாகசத்தில், சீட்டை எடுத்துப் பார்த்தே முக்கியப் பொருள்கள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று முடிவுசெய்துவிடலாம். கோட்டை ஒன்றுதான், ஆட்டத்துக்கு ஆட்டம் கதை மாறும். நம்மவர் அதை மனதாரப் பாராட்டுவார். பின்பற்றமாட்டார். வேலை குறைந்துவிடுமே!

சனிக்கிழமை வரும். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, வடக்கே மலைக்கோட்டை, கிழக்கே சதுப்புநிலம், மேற்கே தீப்பற்றிய கிராமம் என்று வர்ணித்து முடிப்பார். "என்ன செய்யப்போறீங்க?"

திருடனாக ஆடுபவர் சிப்ஸை மென்றபடி, "அந்த வாசல் காவல்காரன் பேரு என்ன?" என்பார்.

பதினாறு வகைக் கறியோடு பரிமாறியவரிடம், இது எந்தத் தோட்டத்து வாழையிலை என்று விசாரித்த மாதிரி.

காவல்காரனுக்குப் பெயரே வைக்கவில்லை. டிஎம்மின் கண் மேசை முழுக்க அலைந்து பீட்சா டப்பாவில் போய் நிற்கும். "பெப்... பெப்பரோன்." தீர்ந்தது கதை. பெப்பரோனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, ஏன் இப்படிக் குடிக்கிறான், நம்மோடு வருவானா? மூன்று மணி நேரம் இதே விசாரணை. மலைக்கோட்டைப் பிரபு ஒன்பது பக்க வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு சிம்மாசனத்தில் காத்திருக்கிறார், பாவம்.

யோசிக்க நேரம் வேண்டுமென்றால், டிஎம் தடுப்புக்குப் பின்னால் பகடையை உருட்டி, "ம்ம்ம்" என்பார். அந்த உருட்டலுக்கு அர்த்தமே கிடையாது. ஆட்டக்காரர்கள் மட்டும் வாளை உருவிக்கொண்டு நிற்பார்கள்.

ரகசியம் தெரிந்த ஒற்றனைக் கொன்று கதையைக் காப்பாற்றவும் பார்ப்பார். பூசாரியாக ஆடுபவர் உடனே 'ஸ்பீக் வித் டெட்' மந்திரத்தைப் போடுவார். பிணத்திடம் ஐந்து கேள்வி கேட்கலாம். டிஎம் விதிப்புத்தகத்தைத் துழாவினால், பிணத்துக்கு வாய் இருக்கவேண்டும் என்று ஒரு நிபந்தனை கண்ணில் படும். அன்றிலிருந்து அவருடைய உலகத்தில் கொலையாகிற யாருக்கும் தலை இருப்பதில்லை.

கடைசி ஆயுதம் ஒன்று உண்டு. 'குவாண்டம் ஓகர்' என்று டிஎம்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். இடப்பக்கம் போனாலும் ராட்சசன், வலப்பக்கம் போனாலும் அதே ராட்சசன். தாங்களாகத் தேர்ந்தெடுத்ததாக ஆட்டக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். இது மகாபாவம் என்று சக டிஎம்களிடம் மணிக்கணக்கில் வாதாடுவார். நேரமானால் செய்தும் விடுவார். என்னைக் கேட்டால் தப்பே இல்லை, செய்துவைத்த ராட்சசன் வீணாகலாமா?

ராத்திரி பதினொரு மணிக்கு மந்திரவாதி ஷூ நாடாவைக் கட்டியபடி போகிற போக்கில் கேட்பார்: "ஆமா, வடக்கே போயிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

அவ்வளவுதான். டிஎம் நோட்டைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை வருவார், படி இறங்குவார், கார் வரைக்கும் வருவார். "அங்க ஒரு பிரபு இருக்காருல்ல, அவர்தான் உன் அப்பா..." கார்க் கண்ணாடி மெல்ல ஏறும். "அது நீ கத்தியை எடுக்காம இருந்தா!" வண்டி நகரும். டிஎம்மும் கூடவே ஓடுவார். "எடுத்தா அதுல இன்னும் மூணு வழி இருக்கு!"