சனிக்கிழமைச் சம்பளம்

அந்தமானின் மாயாபந்தரில் அப்பாவுக்கு மரத்தொழில்தான் சோறு போட்டது. 2002-ல் உச்ச நீதிமன்றம் அந்தமான் காடுகளில் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியபின் அது படுத்துவிட்டது. சில ஆண்டுகள் கழித்து நான் கப்பலேறி, சென்னை வழியாகத் திருப்பூர் போனேன். ஒரு தையல் கம்பெனியில் கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாகச் சேர்ந்து, ஓவர்லாக் மெஷின் பழகி, டெய்லர் ஆனேன். அன்று சனிக்கிழமைதோறும் கையில் கூலி விழும். பாதி ஊருக்குப் போகும்.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு. கம்பெனியும் மூடியது, கப்பலும் நின்றது. மூடிய நாட்களுக்கும் கூலியைப் பிடிக்காமல் தரவேண்டும் என்று மார்ச் 29-ல் மத்திய உள்துறை ஆணையிட்டது. நாங்கள் தங்கியிருந்த அறையில் அத்தனை பேரும் அதைச் சத்தமாகப் படித்தோம். ஆனால் பீஸ் ரேட்டில் காண்ட்ராக்டர் வழியாக வந்த எங்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. சின்ன நிறுவனங்களில் பி.எஃப். பங்கு முழுவதையும் அரசே கட்டும் என்றார்கள், எங்களுக்கு பி.எஃப். எண்ணே கிடையாது. மே 17-ல் அந்தக் கூலி ஆணையையும் விலக்கிக்கொண்டார்கள்.

அதற்குள்ளேயே கம்பெனியிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். "வா அம்மிணி, டாக்டர்களுக்கு டிரெஸ் தைக்கணும்." முழு உடல் கவச உடை. தையல் ஊசி போட்ட துளை வழியே ரத்தம் கசியக்கூடாது என்பதால், தையல்மேல் சூடாக டேப் ஒட்டவேண்டும். துணி தேறுமா என்று கோவை சிட்ரா ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தில் சோதிப்பார்கள். மே மாதத்தில் நாடு தினம் 2 லட்சம் கவச உடை தயாரிக்கிறது என்று பிரதமர் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. நல்ல வேலை அது, இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். தைத்த நாங்களோ சாதாரணத் துணி மாஸ்க்கோடு நெருக்கி உட்கார்ந்திருந்தோம். இரவில் ஒரே அறையில் ஆறு பேர்.

2021 மே மாதம் என் அறைத்தோழிக்குத் தொற்று. படுத்த நாளுக்கெல்லாம் கூலி இல்லை. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டு அட்டை இருந்திருந்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை, கூலியில் 70 சதவீதம் வந்திருக்கும். இது எனக்கு அப்போது தெரியாது, அவளுக்கும் தெரியாது.

இப்போது ஊர் திரும்பி மாயாபந்தரில் பள்ளிச் சீருடை தைக்கிறேன். திருப்பூர் கிளம்பும் பிள்ளைகள் ஷிப்டுக்கு எவ்வளவு, அறை வாடகை எவ்வளவு என்று கேட்க வருகிறார்கள். சொல்கிறேன். கூடவே, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கம்பெனியில் மாதம் 21,000 ரூபாய்க்குள் வாங்கும் எவருக்கும் இ.எஸ்.ஐ. உண்டு, பீஸ் ரேட், காண்ட்ராக்ட் என்று தட்டிக் கழித்தால் விடாதே, மெஷினில் உட்காரும் முன்னே இ.எஸ்.ஐ. எண்ணைக் கேள் என்கிறேன்.