கண்டறிந்தவை

உயர்தரம் படிக்கிற பிள்ளைகளுக்கு நம் நாட்டில் ஒரு சடங்கு உண்டு. பெயர் செயற்றிட்டம். குழுவாக ஒன்று, தனியாக ஒன்று. 1990களின் பிற்பகுதிக் கல்விச் சீர்திருத்தம் அனுப்பிவைத்த சீர்வரிசை.

பதுளையில் தலைப்புக்குப் பஞ்சமில்லை. பாதிப் பேர் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தைக் கட்டுவார்கள். மீதிப் பேர் துன்ஹிந்த அருவியில் இறங்குவார்கள். அக்கா செய்ததற்குப் புது அட்டை போட்டுத் தம்பி ஒப்படைப்பதும் உண்டு. அட்டை போட டவுன் கொமியுனிக்கேஷன் கடை இருக்கிறது.

பசறைப் பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவன் மட்டும் ரோசக்காரன். தலைப்பு: 'லய மக்களின் வாழ்க்கை நிலை'. கொழுந்து மலையிலிருந்து திரும்பிய அம்மாவிடம் வினாக்கொத்தோடு போனான்.

"ஒரு காம்பராவில எத்தனை பேர் இருக்கீங்க?"

"ஏன்டா, ராத்திரி நீ எங்க படுக்கிற? நீயே எண்ணிக்க."

அதை எழுதி ஒப்படைத்தான். ஆசிரியர் சிவப்பு மையில் எழுதினார்: 'ஆதாரம் எங்கே?' அம்மா ஆதாரமாக மாட்டாராம், நூல் வேண்டுமாம்.

கடைசியில் பல்கலைக்கழகத்துக்குள் விடுவது இசட் புள்ளிதான். செயற்றிட்டத்தை அங்கே யாரும் புரட்டுவதில்லை.

இதே தலைப்பில் கொழும்பிலும் ஒரு செயற்றிட்டம் நடக்கிறது. மலையகத்தார் வந்து 200 ஆண்டு என்று 2023இல் விழா எடுத்தோம். லயம் இன்னும் லயமாகவே நிற்கிறது. கொழும்பில் இருப்பவர்கள் தரவு திரட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஒப்படைக்கும் திகதி மாணவனுக்கு மட்டும்தான்.