நாலு சென்ட் தீவு

எங்கள் சங்கரன்கோவிலில் பாம்பு, தேள் தொல்லை இருந்தால் அதன் உருவத்தைத் தகட்டில் வாங்கிக் கோயில் உண்டியலில் போடுவது வழக்கம். போன ஆனியில் நானும் கடைக்காரரிடம், "பழ ஈ உருவம் இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டேன். ஏற இறங்கப் பார்த்தார். "பழம்னா ஈ மொய்க்கத்தான செய்யும்?"

மொய்த்தால் பரவாயில்லையே! புறவாசல் மாமரத்தில் இந்த ஈ ஊசி குத்துவதுபோலத் தோலுக்குள் முட்டை வைத்துவிடுகிறது. வெளியே புதுமாப்பிள்ளை மினுக்கு, அறுத்தால் புழு. சம்பந்தி வீட்டில் அறுத்தார்கள். கொடுத்தனுப்பியது நான். இதே ஈயால் 2014-இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்துக்குத் தடை போட்டு, அடுத்த ஆண்டே விலக்கிக்கொண்டது. சம்பந்தியம்மாள் இன்னும் விலக்கவில்லை.

இந்த ஈயை ஒழித்த இடமும் உண்டு. பசிபிக்கில் ரோட்டா என்று ஒரு தீவு. மெத்தில் யூஜினால் வாசனைக்கு ஆண் ஈக்கள் மயங்கி வரும். அந்த வாசனையோடு விஷத்தையும் ஊறவைத்த அட்டைத் துண்டுகளைப் போட்டே 1960-களில் அங்கே இந்த ஈயின் வம்சத்தை அறுத்தார்கள். ஒகினாவாவில் பாகல், பூசணியைக் கெடுக்கும் ஈயை, மலடாக்கிய ஈக்களைப் பறக்கவிட்டே 1993-க்குள் ஒழித்தார்கள். வீட்டில் மலட்டு ஈ வளர்க்க மனைவி சம்மதிக்கவில்லை. எனவே உரக்கடையில் அந்த வாசனைப் பொறி வாங்கி மாட்டினேன்.

முதல் வாரமே கைப்பிடி ஈ. நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதினேன். காய் பழுக்கப் பழுக்க ஈயும் ஏறியது. ஆனால் ஆடித்தபசு முடிந்து மரத்தில் ஒரு பிஞ்சுகூட இல்லாதபோதும் பொறியில் விழுந்துகொண்டே இருந்தது. எதிர்வீட்டுக் கொய்யா பழுத்திருந்தது! தீவைச் சுற்றிக் கடல். என் நாலு சென்ட்டைச் சுற்றி நாலடி மதில். ஊர் ஈக்கெல்லாம் நான் வெற்றிலை பாக்கு வைத்திருக்கிறேன்.

போதாக்குறைக்கு, விழுந்த பழங்களை "மரத்துக்கு உரம்" என்று அடியிலேயே விட்டிருந்தேன். பழத்துப் புழு மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகி ஈயாக வரும். பெண் ஈ ஒன்று ஆயிரம் முட்டைக்கு மேல் இடக்கூடியது. மேலே பொறி, கீழே பிரசவ ஆஸ்பத்திரி. இரண்டுக்கும் நிர்வாகி ஒருவனே.

மனைவி மட்டும் பேசாமல் அழுகலைப் பொறுக்கிப் பாலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்க புண்ணியத்துல எங்க கொய்யா தப்பிச்சுது" என்று எதிர்வீட்டு அண்ணாச்சி ஒரு கூடை கொடுத்தார். "சம்பந்தி வீட்டுக்கு அனுப்புவோமா?" என்றேன்.

பதில் இல்லை. அரிவாள்மனையை எடுத்துப்போட்டு ஒவ்வொன்றாகப் பிளக்க உட்கார்ந்தாள்.